சேர்த்துப் படிக்கவும்

கமலவல்லி காலமாகிவிட்ட செய்தி கடிதமாக வந்து சேர்ந்ததற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, இருபத்து நான்கு வருடங்கள் கழித்து அவள் மறுபடியும் வேலைக்கு வந்தாள். ஆள் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. திருச்சி பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், சிக்கந்தர் பாயின் பாத்திரக்கடைக்கு மேலே, மரப்படி ஏறி வலது பக்கம் திரும்பினால் நுணா பதிப்பகம். அதன் உள்ளறையில், ஜன்னலை ஒட்டிக் கிடந்த காலி நாற்காலியிலிருந்து, "பக்கம் ஒண்ணு, தலைப்பு, நடுவுல, பெரிய எழுத்து" என்று அது ஆரம்பித்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாயுமானவன் பேனாவின் மூடியைக் கழற்றினார். பழக்கம் அப்படி.

நுணாவில் புத்தகம் போட்ட எழுத்தாளர்களில் நானும் ஒருவன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. எங்கள் தெருவில் என் மனைவியைத் தவிர யாரும் அவற்றைப் படித்ததில்லை, அவளும் முதலாவதைப் பாதியில் கவிழ்த்து வைத்தவள் இன்னும் நிமிர்த்தவில்லை. ஆனாலும் அந்த இரண்டு புத்தகங்களிலும் ஓர் எழுத்துப்பிழை கிடையாது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், ஏனென்றால் அவற்றுக்கு மெய்ப்பு பார்த்தவர் தாயுமானவன்.

பதிப்பாளர் சவரிமுத்து மெய்ப்பு பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். எழுத்தாளர் தந்த கையெழுத்துப் பிரதியை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், கமா, புள்ளி, கேள்வி, மேற்கோள், புதுப் பத்தி என்று ஒன்று விடாமல். இன்னொருவர் அச்சுக்குப் போகிற தாளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டபடியே சரிபார்க்க வேண்டும். காதில் விழுவது தாளில் இல்லையென்றால் அது விட்டுப்போனது, அந்த இடத்தில் வரிக்குக் கீழே கூரை மாதிரி ஒரு சின்னக் குறி போட்டு, ஓரத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும். தாளில் இருப்பது காதில் விழவில்லையென்றால் அது அதிகப்படி, அடித்துவிட வேண்டும். இவ்வளவுதான் சட்டம். இந்தச் சட்டத்தின்படி மூன்று வருடம் மூன்று மாதம் கமலவல்லி படித்தாள், தாயுமானவன் கேட்டார். மற்றவர்களுடைய புத்தகங்களின் கடைசியில் ஒட்டியிருக்குமே, பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத்தாள், அது நுணாவின் எந்தப் புத்தகத்திலும் இருந்ததில்லை. தாயுமானவன் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள இந்த ஒன்றுதான் இருந்தது, அதையும் அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது, அவளுக்கு முப்பத்து மூன்று. அவர் சிந்தாமணியில் ஒரே ஒரு அறையில் தனியாக இருந்தார், அவள் உறையூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். இரண்டு பேரும் வாய் திறந்தால் வார்த்தை கொட்டிவிடுமோ என்று பயந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். கமலவல்லிக்கு ஒரே ஒரு குரல்தான் உண்டு. கொலை நடக்கிற பக்கத்தையும் அதே குரலில் படிப்பாள், காதலையும் அதே குரலில் படிப்பாள், "சார், மழை வருது, ஜன்னலைச் சாத்தட்டுமா" என்பதையும் அதே குரலில்தான் கேட்பாள், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். அதற்குத் தாயுமானவன் "ம்" என்பார். அவளிடம் அவர் அதிகமாகச் சொன்னது இந்த "ம்"தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை வழக்கம்போல ஐந்தரை மணி வரைக்கும் படித்துவிட்டுப் போனவள் திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமை ஆள் மூலமாக ஒரு சீட்டு வந்தது. ரயில்வேயில் இருந்த அண்ணனுக்குக் கரக்பூருக்கு மாற்றலாகிவிட்டது, குடும்பத்தோடு கிளம்பிவிட்டோம், எல்லோருக்கும் வணக்கம். அவ்வளவுதான். மாற்றல் உத்தரவு வந்து ஒரு மாதமாகியிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு மாதம் எதிரில் உட்கார்ந்து படித்தவள் தன்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தாயுமானவன் நினைத்துப் பார்த்தார். தான் ஏதாவது தப்பாக நடந்துகொண்டோமா, டீயை உறிஞ்சிக் குடித்தது பிடிக்கவில்லையா, அந்தக் கடைசிச் சனிக்கிழமை என்ன நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பெரியநாயகம் எழுதிய 'ஏழாம் மதகு' நாவலில் பதினாறு பக்கம் பார்த்தார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள், போனார்கள். இதையே அவர் இருபத்து நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, கேட்டாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

கடிதம் எழுதியவள் அண்ணன் மகள். அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார், கடைசி வரைக்கும் பேப்பரைச் சத்தம்போட்டுத்தான் படிப்பார், கமா புள்ளியோடு படிப்பார், நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம், அவர் பெட்டியில் உங்கள் பதிப்பகத்தின் புத்தகம் ஒன்று இருந்தது, அதில் இருந்த முகவரிக்குத் தெரிவிக்கிறேன் என்று எழுதியிருந்தாள். சவரிமுத்து கடிதத்தைப் படித்துவிட்டுத் தாயுமானவனிடம் நீட்டினார். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாவது வரியில் ஒரு கமா குறைகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சவரிமுத்துவுக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம்கூட வந்ததாம்.

மறுநாள் குரல் வந்தபோது சவரிமுத்து யாரோ போனைச் சத்தமாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே வந்தார். காலி நாற்காலியையும், எதிரில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். சிறிது நேரம் நின்று கேட்டார்.

"இது நம்ம முதல் கவிதைத் தொகுப்புல்ல, தாயுமான்?"

"ஆமா சார். அவங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குப் படிச்சது."

"எல்லாம் சரியா இருக்கா?"

"இதுவரைக்கும் சரியா இருக்கு."

சவரிமுத்து மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைத்துவிட்டு வெளியே போனார். காற்றில் குரல் கலைந்துவிடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியதாம்.

முதல் வாரம் மின்வாரியத்து ஆள் வந்து சுவரில் ஏதாவது ஒயர் ஓடுகிறதா என்று பார்த்தார். பக்கத்துத் தேவாலயத்திலிருந்து பாதிரியார் வந்து அரைமணி நேரம் கேட்டுவிட்டு, தீய வார்த்தை ஒன்றும் இல்லை, இரண்டு இடத்தில் அரைப்புள்ளிக்குப் பதில் கமா போட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை. சந்து அதை ஏற்றுக்கொண்டது, மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தை ஏற்றுக்கொள்வது மாதிரி. சிக்கந்தர் பாய் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மெஷினை இரண்டரையிலிருந்து ஐந்தரை வரைக்கும் நிறுத்திவைத்தார். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்க வந்தவர்கள் பேர் வெட்டுவதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது, காத்திருந்தவர்கள் மரப்படியில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். நுணா வெளியிட்ட புத்தகங்களை அதற்கு முன் அவ்வளவு பேர் ஒருசேரக் கவனித்ததே இல்லை.

பின்னே எழுத்தாளர்கள் நாங்கள் சும்மா இருப்போமா. குரல் எங்கள் புத்தகத்துக்கு எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டு, தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக வந்து படியில் இடம் பிடித்தோம். லால்குடிக் கவிஞர் ஒருவர் தன் கவிதைகள் படிக்கப்பட்ட மூன்று நாளும் விசும்பினார். "அந்தம்மா கமான்னு சொல்லி நிறுத்தறப்பதான்யா நான் என்ன எழுதியிருக்கேன்னே எனக்குத் தெரியுது" என்றார். குரல் என் முதல் தொகுப்புக்கு வந்தபோது நான் என் மனைவியை அழைத்துவந்தேன். அவள் பாதியில் விட்ட கதை அன்றைக்கு முடிந்தது. படி இறங்கும்போது, "அவன் அந்தக் கடிதத்தைப் பிரிச்சே பாக்கலியா கடைசி வரைக்கும்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வீடு வரைக்கும் அவள் பேசவில்லை, எனக்கு எந்த விருதும் அதற்கு ஈடாகாது. அப்படி ஒரு விருது இதுவரை வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

குரல் அந்த மூன்று வருடம் மூன்று மாதத்தை முதல் நாளிலிருந்து வரிசையாகத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தது. அவள் திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவள், குரல் வந்ததோ செவ்வாய்க்கிழமை, அதனால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் திங்கட்கிழமையில் விழுந்தது. தாயுமானவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வந்து கதவைத் திறந்துவைத்தார், திங்கட்கிழமைகளில் அறையில் படுத்துக்கிடந்தார். பங்குனி வெயில் கொளுத்தும்போது அவள் மார்கழிச் சளியோடு இருமினாள். சிக்கந்தர் பாயின் சம்சாரம் சுக்குக் காப்பி போட்டு அனுப்பினார், அதை நாற்காலிக்கு முன்னால் வைத்தார்கள், ஆறியதும் தாயுமானவன் எடுத்துக் குடித்தார். ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, "சார், நாளைக்கு தீபாவளி, நான் வரல" என்றது குரல். மறுநாள் தாயுமானவன் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, ஊரில் ஒருவர்கூட வெடி வைக்காத ஒரு தீபாவளியை, சிந்தாமணியில் தன் அறையில் தனியாகக் கொண்டாடினார். இதை அவர் சொல்லவில்லை, வேட்டியின் முனையில் மஞ்சள் தடவியிருந்ததைப் பார்த்துச் சவரிமுத்து கண்டுபிடித்தார்.

அவளுடைய குரல் மட்டும்தான் வந்தது. அந்தக் காலத்தில் அவர் சொன்னது எதுவும் வரவில்லை. அவள் எதையாவது கேட்பாள், பிறகு கொஞ்சம் இடைவெளி இருக்கும், பிறகு மேலே படிப்பாள். அந்த இடைவெளிதான் அவர். படியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பெரிய வேடிக்கை.

"சார், இந்தக் கதை நல்லா இருக்குல்ல?" என்று குரல் கேட்கும், இடைவெளி வரும். சிக்கந்தர் பாய் உள்ளே தலையை நீட்டி, "அண்ணே, இங்க நீங்க என்ன சொன்னீங்க?" என்பார்.

"ம்னு சொன்னேன்."

"சார், எனக்கு இன்னைக்குப் பொறந்தநாள்" என்றது குரல் இன்னொரு நாள். எல்லோரும் உள்ளே பார்த்தோம்.

"இதுக்காச்சும் ஏதாவது சொன்னீங்களா அண்ணே?"

தாயுமானவன் பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார். "ம்னுதான் சொன்னேன் பாய்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவர் அந்த வருடங்களில் அச்சான புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து, குரல் எதைப் படிக்கிறதோ அதை மடியில் விரித்து, வரிவரியாக மறுபடியும் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பிழைகூட அகப்படவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது பிழைக்காக இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய வருகைப் பதிவேட்டைச் சவரிமுத்துவிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, கமலவல்லி கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு நாளையும் பென்சிலால் டிக் செய்துகொண்டிருந்தார். அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரியும். அன்று அவள் ஏதாவது சொன்னாளா, தான் கேட்காமல் விட்டோமா, அல்லது தான் டீ வாங்க எழுந்துபோன நேரத்தில் காலி அறையிடமாவது சொன்னாளா. அதைத் தெரிந்துகொண்டால் போதும். ஆனால் அன்றோடு குரலும் முடிந்துபோகும். அவர் அந்த நாளுக்காக ஏங்கினார், அந்த நாளுக்குப் பயந்தார். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி மூன்று வருடம் குடியிருந்தன என்று எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

மூன்றாவது வருடக் கடைசியில் குரல் 'ஏழாம் மதகு'க்கு வந்தபோது கூட்டம் படியை மீறிச் சந்து வரைக்கும் நின்றது. நுணாவுக்கு ஊர் அறிந்த புத்தகம் அது ஒன்றுதான். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியநாயகம் எழுதியது. மதகு திறந்து மூடுகிற காவலாளி ஒருவன், அவனுக்குச் சோறு கொண்டுவரும் அஞ்சலை என்ற பெண், வராத தண்ணீர். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், அண்ணனோடு சேலத்துக்குப் பிழைக்கப் போகவிருக்கும் அஞ்சலை சோற்றை வைத்துவிட்டுச் சொல்வாள்: "போகாதேன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், நான் இருந்துடுவேன்." சோற்றில் கை வைத்த காவலாளி ஒன்றும் சொல்ல மாட்டான். இந்த ஒரு வரி எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. ஆட்டோவின் முதுகில் எழுதினார்கள், கல்லூரிப் பிரிவுவிழாவில் மேடைக்குப் பின்னால் கட்டினார்கள், நாவலைப் பார்த்தேயிராதவர்கள் அதைச் சொல்லி அழுதார்கள். பெரியநாயகத்தை எந்தக் கூட்டத்துக்கு அழைத்தாலும் அந்த வரியைச் சொல்லித்தான் பொன்னாடை போர்த்துவார்கள்.

குரல் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை நெருங்க நெருங்க எழுபத்தெட்டு வயதுப் பெரியநாயகத்துக்கு முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வயதாகிவிட்டது, உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்தோம். அவளுடைய அந்தக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மதியம் ஒன்றரைக்கே அவர் ஒரு துணிப்பையோடு வந்து, தாயுமானவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் கதவோரத்தில் இருந்தேன்.

"தாயுமானவன், இன்னைக்கு என் மானம் போகப்போகுது" என்றார் மெல்ல.

"ஏன் ஐயா?"

"அந்த வரி நான் எழுதினது இல்ல."

தாயுமானவன் திரும்பிப் பார்த்தார்.

"சத்தியமா. புத்தகம் வந்தப்பதான் பாத்தேன். சவரிமுத்து சேர்த்துட்டார்னு ஆத்திரம் வந்துச்சு, சண்டை போடத்தான் கிளம்பினேன். அதுக்குள்ள ஒரு வாசகர் கடிதம் வந்துடுச்சு, அந்த ஒரு வரியைப் படிச்சுட்டுத் தூங்கவே இல்லைன்னு. அப்புறம் எப்படிச் சொல்றது? இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டே இருந்துட்டேன். இதோ என் கையெழுத்துப் பிரதி. அந்தம்மா இதைப் பாத்துதான படிச்சாங்க, அவங்க அந்த வரியைப் படிக்காமத் தாண்டிப் போவாங்க, இவ்வளவு பேரும் கேப்பாங்க."

"சார் எதையும் சேர்க்க மாட்டாரு. சேர்க்கறவன் நான்தான். காதுல விழாம நான் ஒரு புள்ளிகூடச் சேர்த்ததில்ல" என்றார் தாயுமானவன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இரண்டரைக்குக் குரல் வந்தது. அன்று அது சீராக, எப்போதும்போலப் படித்தது. நான்கு மணிக்கு நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. தாயுமானவன் மடியில் அச்சான புத்தகம், பெரியநாயகம் மடியில் பழுப்பேறிய கையெழுத்துப் பிரதி. அஞ்சலை தூக்குவாளியை இறக்கிவைத்தாள், புள்ளி. அவன் சோற்றில் கை வைத்தான், புள்ளி.

அங்கே குரல் நின்றது. பெரியநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குரல், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், சொன்னது.

"போகாதேன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், நான் இருந்துடுவேன்."

சந்து முழுக்கக் கைதட்டினார்கள். பெரியநாயகம் கண்ணைத் திறந்து பிரதியைப் பார்த்தார், விரலை வைத்துப் பார்த்தார். 'அவன் சோற்றில் கை வைத்தான்.' அடுத்த வரி, 'மதகுக்கு அப்பால் சத்தம் கேட்டது.' நடுவில் ஒன்றுமே இல்லை. பிரதியைத் தாயுமானவன் பக்கம் திருப்பினார். "இதுல இல்லியே" என்றார். "இதுல இல்லாததை அந்தம்மா எப்படிப் படிச்சாங்க?"

கைதட்டல் ஓய்ந்தபோது குரலின் இடைவெளி இன்னும் முடிந்திருக்கவில்லை. அவள் அங்கே கமா சொல்லவில்லை, புள்ளி சொல்லவில்லை, மேற்கோள் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பெரிய இடைவெளி. மூன்று வருடத்தில் அவ்வளவு நீளமாக ஒன்று வந்ததே இல்லை. கடைசியில் குரல், கொஞ்சம் தாழ்ந்து, பேசியது.

"ம். மேற்கோளுக்குள்ளதான், சார். போட்டுக்குங்க." இன்னும் ஓர் இடைவெளி. "புள்ளி."

பிறகு மதகுக்கு அப்பால் சத்தம் கேட்டது, புள்ளி, புதுப் பத்தி.

சிக்கந்தர் பாய் வழக்கம்போலத் தலையை நீட்டினார். "அண்ணே, இங்க நீங்க என்ன கேட்டீங்க?"

தாயுமானவன் பேனாவின் மூடியைப் போட்டார். "மேற்கோள் உண்டான்னு கேட்டேன்" என்றார். "எழுதிக்கிட்டே கேட்டேன். நிமிர்ந்துகூடப் பாக்கல."

காதில் விழுந்தது தாளில் இல்லை, அதனால் அது விட்டுப்போனது, அதனால் அவர் கூரைக்குறி போட்டு, அழகான கையெழுத்தில், ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்து, ஒரு மாதம் தைரியம் சேர்த்து, தன்னிடம் இருந்த ஒரே குரலில் அவள் கேட்டதை, அவர் இன்னொருவர் நாவலில் போட்டுவிட்டார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இருபத்து ஏழு வருடமாக ஊரே அந்த வரியைப் படித்தது, ஆட்டோக்கள் அதைச் சுமந்துகொண்டு அவர் முன்னால் போயின, அது யாருக்குச் சொன்னது என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை. நான் அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

குரல் அன்றைய மீதிப் பக்கங்களைப் படித்தது. ஐந்தரை மணிக்கு, "இன்னைக்கு இவ்வளவு போதும், சார். நான் வரேன்" என்றது.

தாயுமானவன் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "போகாதீங்க" என்றார். இவ்வளவு சத்தமாக அவர் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை, சந்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. "போகாதீங்க, கமலவல்லி." ஜன்னலோர நாற்காலி சும்மா இருந்தது. சிக்கந்தர் பாய் கீழே இறங்கிப் போனார், ஆனால் அன்று இருட்டும் வரைக்கும் மெஷினைப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டரைக்கு நாங்கள் எல்லோரும் வந்தோம். ஐந்தரை வரைக்கும் இருந்தோம். ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை கொஞ்சம் பேர் வந்தோம். அந்த வாரக் கடைசியில் கீழே பேர் வெட்டுகிற சத்தம் பழையபடி மதியமும் கேட்க ஆரம்பித்தது.

பத்து நாள் கழித்துத் தாயுமானவன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளறையில் சவரிமுத்துவும் பெரியநாயகமும் இருந்தார்கள். மேஜைமேல் ஒரு சின்னத் துண்டுத்தாள், அச்சுக்குப் போக வேண்டியது.

"சார், எனக்கு ஒரு உதவி பண்ணணும். இதுக்கு மெய்ப்பு பாக்கணும். ஒரு ஆளால முடியாது" என்றார் என்னிடம்.

சவரிமுத்து பெரியநாயகத்தைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதம்தான, ஐயா? உங்க நாவல்."

"அந்த வரி அந்தம்மாவோடது. பதில் எழுத எனக்கு என்ன உரிமை இருக்கு? அவருதான் எழுதணும்" என்றார் பெரியநாயகம்.

தாயுமானவன் என்னைத் தன் நாற்காலியில் உட்காரச் சொல்லி, தன் பேனாவைக் கொடுத்தார். ஜன்னலோர நாற்காலியை ஒரு துணியால் துடைத்துவிட்டு, முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார். பிறகு படித்தார், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல்.

"தலைப்பு, நடுவுல, பிழைதிருத்தம். புது வரி. பக்கம் நூற்று நாற்பத்து மூன்று, கமா, வரி பதினொன்றுக்குப் பின் விட்டுப்போனது, இரட்டைப்புள்ளி. மேற்கோள் திற. போகாதீங்க. புள்ளி. மேற்கோள் மூடு. புது வரி. சேர்த்துப் படிக்கவும், புள்ளி."

இரண்டு தடவை நிறுத்தினார். நான் அவசரப்படுத்தவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ம்" என்றேன்.

கிடங்கில் இருந்த 'ஏழாம் மதகு' அத்தனையிலும் அந்தத் தாளை நாங்கள் நான்கு பேரும் பசை தடவி ஒட்டினோம். நுணாவின் முதல் பிழைதிருத்தம் அது. வாசகர்கள் கண்டபடி எழுதினார்கள். அந்த மௌனத்தில்தான் அழகே இருந்தது, கெடுத்துவிட்டீர்கள் என்றார் ஒருவர். காவலாளி திடீரென்று அஞ்சலைக்கு எதற்கு மரியாதை கொடுக்கிறான், 'போகாதே' என்றல்லவா இருக்க வேண்டும், உங்கள் மெய்ப்பாளரை மாற்றுங்கள் என்றார் இன்னொருவர். தாயுமானவன் அந்தக் கடிதங்களை எல்லாம் ஒழுங்காகக் கோப்பில் போட்டு வைத்தார்.

அச்சான தாள்களில் முதலாவது கரக்பூருக்குப் போயிருந்தது. உங்கள் அத்தையின் பெட்டியில் இருக்கும் புத்தகம் 'ஏழாம் மதகு' என்றால், இதை நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒட்டிவிடவும் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தபோது நான் அங்கே இருந்தேன். தாயுமானவன் உறையைப் பிரித்துப் படித்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

அந்தப் புத்தகம்தான், அங்கிள், ஒட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தாள். நீங்கள் சொன்ன வரிக்குக் கீழே அத்தை பென்சிலால் கூரை மாதிரி ஒரு சின்னக் குறி போட்டிருக்கிறார், ஆனால் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை, காலியாகவே விட்டிருக்கிறார், குறி ரொம்பப் பழசு, அழிக்கப் பார்த்தேன், போகவில்லை, அதனால் அதன் பக்கத்திலேயே ஒட்டினேன், பரவாயில்லையா?

நான் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தாயுமானவன் அதை வாங்கி, ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"சரியான இடத்துலதான் சேர்த்திருக்கோம்" என்றார்.